ஆமைக்குட்டி தூங்கவில்லை

வாசகர் கேள்வி:

வணக்கம் டாக்டர். ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். போன ஜூன் மாதம் என் கணவர் சென்னையிலிருந்து ஒரு ஆமைக்குட்டி வாங்கி வந்தார். ஒன்பது வயது மகனுக்குப் பிறந்தநாள் பரிசு. 'சல்காட்டா' வகை என்று கடைக்காரர் சொன்னாராம். ஹாலில் பழைய மீன் தொட்டியில், அடியில் கலர் கூழாங்கல் போட்டு வைத்திருக்கிறோம். தொட்டி ஜன்னல் ஓரம்தான், காலை வெயில் கண்ணாடி வழியாக விழும். வெள்ளரிக்காய், தக்காளி, முட்டைகோஸ் கொடுக்கிறோம், சில நாள் இட்லியும் உண்டு. பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எந்நேரமும் மூலையில் தூங்குகிறது. மூன்று நாளாக ஒரு கண் திறக்கவில்லை. மூக்கில் சின்னச் சின்னதாய் நுரை வருகிறது. ஓட்டை அழுத்தினால் உள்ளே போவது போல இருக்கிறது. குளிர்காலத்தில் ஆமைகள் மாதக்கணக்கில் தூங்கும் என்று இணையத்தில் படித்தேன். அதுதானா இது? கடைக்காரர் விட்டமின் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். மாமியார், "ஆமை புகுந்த வீடு உருப்படாது, கோயில் குளத்தில் விட்டுவிடு" என்கிறார். பையன் அழுகிறான். இன்று நிறுத்துப் பார்த்தேன், 92 கிராம். தீபாவளி சமயத்தில் மகன் விளையாட்டாக நிறுத்தபோது 104 இருந்தது. என்ன செய்யட்டும்?

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்று மாலையே சுருக்கமாகப் பதில் அனுப்பினேன்: "இது தூக்கம் இல்லை, நோய். இன்றிரவு சூடு கொடுங்கள். நாளைக் காலை கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்." அதற்கான காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே மாதிரிக் கடிதம் ஒவ்வொரு மார்கழி, தை மாதத்திலும் எனக்கு வருகிறது. பலர் எழுதும்போதே காலம் கடந்துவிட்டிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் ஒரு குட்டியைக் கொண்டுவந்தார்கள். உள்ளே பஞ்சு மெத்தை. காற்றுக்காகப் பெட்டி முழுக்க ஊசியால் துளை போட்டிருந்தான் அந்த வீட்டுப் பையன். "ரெண்டு மாசமா தூங்குது சார், எப்ப எழுப்பணும்?" என்று கேட்டான். குட்டி இறந்து சில நாட்கள் ஆகியிருந்தது. அன்பில் குறை வைக்காத குடும்பம் அது. தவறான ஒரு தகவல்தான் அந்தக் குட்டியைக் கொன்றது. அதனால் முதலில் இந்தத் தூக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

குளிர்காலத்தில் மாதக்கணக்கில் உறங்கும் நில ஆமைகள் உண்டு. அவை ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும், பனி விழும் நிலங்களில் வாழ்பவை. இணையத்தில் நீங்கள் படித்தது பெரும்பாலும் அந்த நாட்டுக்காரர்கள் அவற்றைப் பற்றி எழுதியதாக இருக்கும். சல்காட்டா, சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில், செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை உள்ள வறண்ட நிலத்தைச் சேர்ந்தது. அதற்குக் குளிர்கால உறக்கமே கிடையாது. நமக்கு ஒரு போர்வையைச் சுற்றிக்கொள்ளும் அளவுக்கான ஈரோட்டு ஜனவரி இரவு, அந்தக் குட்டிக்குத் தாங்கமுடியாத குளிர். ஆமை தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சுற்றியிருக்கும் சூடுதான் அதன் சூடு. அது இறங்கினால் குடல் வேலை நிற்கும், பசி போகும், நோயை எதிர்க்கும் சக்தியும் படுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் நிம்மதியாகத் தூங்குவது போலத்தான் தெரியும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, உங்கள் மகன் விளையாட்டாக நிறுத்துப் பார்த்த அந்த 104 கிராம். அது இல்லாவிட்டால் 92 என்ற எண்ணுக்குப் பெரிய அர்த்தம் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் செய்தி வருகிறது. வளர்ந்துகொண்டே இருக்கவேண்டிய வயதில் 12 கிராம் இறங்கியிருக்கிறது, அதாவது உடம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். ஐம்பது கிலோ ஆள் ஆறு கிலோ இளைத்த மாதிரி. நோய்வாய்ப்பட்டதைக் காட்டிக்கொண்டால் காட்டில் யாராவது தின்றுவிடுவார்கள் என்பதால் ஆமை அதைக் கடைசிவரை மறைக்கும். எடையை மட்டும் மறைக்கமுடியாது.

சரி, முதல் இரவு செய்யவேண்டியது.

சூடுதான் முதல் மருந்து. நீங்கள் இருக்கும் ஊருக்கு நாமக்கல் பக்கம்தான், கோழிக்குஞ்சுக்குப் போடும் புரூடர் பல்பு கிடைப்பது கஷ்டமாக இருக்காது. அதை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பின் ஒரு ஓரத்துக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் சங்கிலியில் தொங்கவிடுங்கள். கயிறு வேண்டாம், துணி, அட்டை எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. குட்டியின் முதுகு உயரத்தில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். விளக்கடியில் 32 முதல் 34 டிகிரி, எதிர் ஓரத்தில் 28 டிகிரி இருந்தால் சரி. விளக்கைத் தூக்கி இறக்கி அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். சூடு அதிகமானால் நகர்ந்துபோக அதற்கு இடம் வேண்டும், அதனால்தான் ஒரு ஓரத்தில் மட்டும். நோயில் இருக்கும்வரை இரவிலும் 28-க்குக் கீழே இறங்கவிடாதீர்கள். அன்றைக்கே பல்பு கிடைக்காவிட்டால், வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். ஆறும்போது மாற்றவேண்டும், இரவில் இரண்டு முறையாவது எழுந்திருக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது தண்ணீர். குட்டி ஆமைகளில் பாதி நோய் நீர் வற்றுவதில்தான் தொடங்குகிறது. பாலைவனத்து ஆமைதானே, தண்ணீர் எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே குட்டிகள் வெளியே வருவதே மழைக்காலத்தில்தான். மற்ற நேரம் ஈரப்பதம் உள்ள வளைக்குள் கிடக்கும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் முன் மணிக்கட்டில் விட்டுப் பார்ப்பீர்கள் இல்லையா, அந்தச் சூட்டில் தண்ணீர் எடுத்து, தட்டையான பாத்திரத்தில் மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் இடம் வரை மட்டும் ஊற்றிக் குட்டியை விடுங்கள். 15 முதல் 20 நிமிடம். தலை தண்ணீருக்கு மேலே நிற்கவேண்டும். நீங்கள் கூடவே உட்கார்ந்திருக்கவேண்டும், போன் வந்தால்கூட எழுந்து போகாதீர்கள். பலவீனமான குட்டி அரை அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிவிடும். அப்புறம் துடைத்து விளக்கடிக்கு. குட்டி வாயைப் பிளந்து, கழுத்தை நீட்டி மூச்சு விடுகிறது என்றால் மட்டும் குளியல் வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்தத் தண்ணீரிலேயே பெரும்பாலும் கழியும். அதைப் பாருங்கள். ஆமைச் சிறுநீரில் வெள்ளையாக ஒன்று வரும். கஞ்சி மாதிரி வந்தால் பரவாயில்லை. மணல் கலந்த சுண்ணாம்பு மாதிரி நறநறவென்று இருந்தால் உடம்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, சாப்பாட்டைத் திணிக்காதீர்கள். தாய்மனசுக்கு இதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனால் ஆமைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதியிலேயே இருக்கிறது. சிரிஞ்சில் ஊட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் அதற்கு நம்மைப் போல் கிடையாது, இருமி வெளியே தள்ளமுடியாது. வயிற்றுக்கே போனாலும், குளிர்ந்த குடலில் சாப்பாடு செரிக்காமல் அழுகும். உடம்பு சூடாகவேண்டும், நீர் ஏறவேண்டும், பிறகுதான் உணவு. இந்த வரிசை மாறக்கூடாது. தேவைப்பட்டால் மருத்துவர் குழாய் போட்டு ஊட்டுவார்.

இனி நீங்கள் கேட்ட மருந்துகள். விட்டமின் சொட்டு மருந்து வேண்டாம். கண் வீங்கினால் விட்டமின் ஏ குறைவு என்று ஒரு பேச்சு உண்டு. அது பெரும்பாலும் காய்ந்த இறால் மட்டுமே தின்று வளரும் நீர் ஆமைகளுக்குப் பொருந்தும். இலை தின்னும் நில ஆமைக்கு அந்தக் குறை அபூர்வம். அளவு மீறி விட்டமின் ஏ ஊசி போட்டால் ஆமையின் தோல் உரிந்து புண்ணாகும், நான் பார்த்திருக்கிறேன். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். ஓடு என்பது செத்த மூடி கிடையாது. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து விரிந்ததுதான் அது, மேலே நகம் மாதிரி ஒரு படலம். தொட்டால் அதற்குத் தெரியும். எண்ணெய் தடவினால் தூசும் பூஞ்சையும் ஒட்டும், வேறு பலன் இல்லை. வீட்டில் இருக்கும் கண் சொட்டு மருந்து, மனிதருக்கான ஆன்டிபயாடிக் மாத்திரை எதையும் உடைத்துக் கொடுக்காதீர்கள்.

ஒரு பெயரை மட்டும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஐவர்மெக்டின். மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி, புழுவுக்காகப் போடும் மருந்து. ஆமைக்கு அது விஷம், உடம்பு தளர்ந்து மூச்சு நின்றுவிடும். ஆமையை அடிக்கடி பார்க்காத மருத்துவர் ஒருவர் குடற்புழுவுக்கு ஊசி போடலாம் என்றால், "ஐவர்மெக்டின் இல்லையே டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் யாரும் அதற்குக் கோபப்படமாட்டார்.

உங்கள் குட்டிக்கு என்னதான் ஆகியிருக்கிறது? நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் சொன்ன அறிகுறிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

மூக்கு நுரையும் மூடிய கண்ணும் மூச்சுப்பாதைத் தொற்றைக் காட்டுகின்றன. குளிர்ந்த குட்டிக்கு இது எளிதில் வரும், நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா. ஆமைக்குச் சீழ் நம்மைப் போல் தண்ணீராக வழியாது, பனீர்க் கட்டி போல் உறைந்து நிற்கும். அதனால் தானாக வடிந்து சரியாகும் என்று காத்திருக்கமுடியாது. வாய்க்குள் மஞ்சளாகப் படிந்திருக்கிறதா, கண்ணுக்குப் பின்னால் காது இருக்கும் இடம் புடைத்திருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது மெத்தென்ற ஓடு. பிறந்து சில வாரங்களே ஆன குட்டியின் ஓடு லேசாக அமுங்கும், அது இயல்பு. மாதங்கள் போகப்போக இறுகவேண்டும். ஏழு மாதத்துக்கு மேல் ஆன குட்டியின் ஓடு அழுத்தினால் உள்ளே போகிறது என்றால், எலும்பில் சுண்ணாம்புச் சத்து இல்லை. குட்டி ரத்தத்துக்கும் தசைக்கும் வேண்டிய கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே கரைத்து எடுத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் முற்றினால் நடக்கும்போது உடம்பைத் தூக்கமுடியாமல் வயிற்றை இழுத்துக்கொண்டு போகும், தாடை மெத்தென்றாகிக் கடிக்கமுடியாது, கால்கள் உதறும். தயவுசெய்து மறுபடி மறுபடி அழுத்திப் பார்க்காதீர்கள், மகனையும் அழுத்தவிடாதீர்கள். வலிக்கும்.

இது ஒரே நாளில் வந்த நோய் இல்லை. தொட்டிக்குள் விழுந்த வெயிலிலும் தட்டில் வைத்த தக்காளியிலும் ஏழு மாதமாக மெதுவாக வந்தது. உங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. விற்றவர் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டார். ஆனால் மருந்து கொடுத்துவிட்டு அதே தொட்டிக்குத் திருப்பி அனுப்பினால் இரண்டு மாதத்தில் மறுபடி என்னிடம்தான் வரும்.

வெயிலில் யூவிபி என்ற கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடம்பில் விட்டமின் டி3 உருவாகும். அது இல்லாமல் எவ்வளவு கால்சியம் தின்றாலும் குடலில் ஏறாது. ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும், யூவிபியைத் தடுத்துவிடும். உங்கள் குட்டிக்குத் தினமும் வெயில் கிடைத்தது போல் இருந்தாலும், உண்மையில் ஏழு மாதமாக ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் இதற்காக யூவிபி குழல் விளக்கு வாங்கி, ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றுகிறார்கள். நம் ஊரில் சூரியன் இருக்கிறது. குட்டி கொஞ்சம் தேறியதும் தினமும் காலை எட்டிலிருந்து பத்துக்குள் மொட்டை மாடியிலோ வாசலிலோ அரை மணி நேரம் நேர் வெயிலில் விடுங்கள். பாதி இடத்தில் நிழல் இருக்கவேண்டும். மேலே கம்பி வலை கட்டாயம், காகம் ஒரு நொடியில் தூக்கிவிடும். ஒருபோதும் கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைக்காதீர்கள். உள்ளே சில நிமிடத்தில் வெந்துவிடும்.

சாப்பாடு. 100 கிராம் தக்காளியில் சுமார் 10 மில்லிகிராம் கால்சியம், 24 மில்லிகிராம் பாஸ்பரஸ். ஆமைக்கு இது தலைகீழ்க் கணக்கு. கால்சியம் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்காவது இருக்கவேண்டும். வெள்ளரியும் அப்படித்தான், முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீர். முட்டைகோஸ் தினமும் தின்றால் தைராய்டைப் பாதிக்கும். இட்லி, சாதம், சப்பாத்தி எதுவுமே கூடாது, மாவுச்சத்து அதன் குடலில் புளித்துப் பொங்கும். பழமும் வேண்டாம்.

சல்காட்டா புல் தின்னும் பிராணி, கிட்டத்தட்ட ஒரு குட்டி மாடு. தட்டில் முக்கால் பங்கு புல் இருக்கவேண்டும். அருகம்புல் மிக நல்லது, குட்டிக்குப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். செம்பருத்தி இலையும் பூவும் ஆசையாகத் தின்னும். கோபிசெட்டிபாளையம் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் யாராவது தெரிந்தால் மல்பெரி இலை கேட்டு வாங்குங்கள். புழுவுக்குப் போடத் தயாராக இருக்கும் இலையில் பூச்சிமருந்து இருக்காது, இருந்தால் முதலில் புழு செத்துவிடும். முள் சீவிய சப்பாத்திக்கள்ளி நன்று. அகத்திக்கீரையில் கால்சியம் மிக அதிகம், முருங்கைக்கீரையும் நல்லது. ஆனால் இரண்டிலும் புரதம் அதிகம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொஞ்சமாகப் போதும். பாலக், பசலை தினமும் வேண்டாம், அவற்றில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். நாட்டு மருந்துக் கடையில் 'கடல்நுரை' என்று கேளுங்கள். கணவாய் மீனின் ஓடு அது, ஏறக்குறைய முழுக்கச் சுண்ணாம்பு. ஒரு துண்டை உள்ளே போட்டுவையுங்கள், தேவைப்படும்போது தானே கொறித்துக்கொள்ளும். இவை எல்லாம் ஆரோக்கியமான குட்டிக்கு. இப்போதைய குறையைச் சரிக்கட்ட எவ்வளவு கால்சியம், எந்த வடிவில் என்பதை மருத்துவர் எக்ஸ்ரே பார்த்து முடிவு செய்யட்டும்.

கூழாங்கற்களை இன்றே எடுத்துவிடுங்கள். கால்சியம் குறைந்த குட்டி கல்லையும் விழுங்கிப் பார்க்கும், குடலில் அடைத்துக்கொள்ளும். நோய் தீரும்வரை வெறும் செய்தித்தாள் போதும், கழிவைப் பார்க்க வசதி. பிறகு தேங்காய் நார்த்தூளை நனைத்துப் பிழிந்து நான்கு விரல் உயரத்துக்குப் போடுங்கள், அந்த ஈரம் குட்டிக்குத் தேவை. காய்ந்த இடத்தில் வளரும் குட்டிகளின் ஓடு கூம்பு கூம்பாக எழும்பும், பிறகு அதைச் சரிசெய்யவே முடியாது.

மருத்துவமனைக்குப் போவது பற்றி. ஈரோட்டில் ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவர் கிடைக்காவிட்டால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். கல்லூரி மருத்துவமனையில் எக்ஸ்ரே இருக்கும், பல துறை ஆட்கள் இருப்பார்கள். மூடியில் துளை போட்ட டப்பில், துண்டு விரித்து, பக்கத்தில் வெந்நீர் பாட்டிலோடு கொண்டு போங்கள். வழியில் தண்ணீர் ஊற்றிவைக்க வேண்டாம். நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தை அப்படியே மருத்துவரிடம் கொடுங்கள், இரண்டு எடைகளும் அதில் இருக்கின்றன. தொட்டியைப் படமெடுத்துக் காட்டுங்கள். அன்று காலை கழிந்திருந்தால் ஒரு சின்ன டப்பியில் எடுத்துப் போங்கள், புழு இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் பெரும்பாலும் முன்னங்கால் பக்கம் போடுவார்கள். சில ஊசிகளை மூன்று நாளுக்கு ஒருமுறைதான் போடவேண்டும். மறந்துவிட்டார்களோ என்று பதற வேண்டாம், ஆமையின் உடம்பு மருந்தை அவ்வளவு மெதுவாகத்தான் செலவழிக்கும். அதே காரணத்தால்தான் மூக்கு காய்ந்ததும் பாதியில் நிறுத்தக்கூடாது.

உங்கள் மாமியாருக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பழமொழியைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். அம்மா, இந்தக் குட்டி உங்கள் வீட்டுக்குள் தானாகப் புகவில்லை, நாம் தூக்கிக்கொண்டு வந்தது. கோயில் குளத்தில் விட்டால் அது சில நிமிடங்களில் மூழ்கிச் செத்துவிடும். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. புண்ணியம் என்று நினைத்துப் பலர் இதைச் செய்கிறார்கள். வயலிலோ காட்டிலோ விடுவதும் கூடாது. வெளிநாட்டுப் பிராணி, அதன் நோயை நம் ஊர் ஆமைகளுக்குக் கொடுத்துவிடும்.

ஆனால் வீட்டில் குழந்தை இருக்கும்போது அவர் பயப்படுவதில் ஒரு நியாயமும் உண்டு. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆமையின் குடலிலும், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் குழந்தைகளுக்கு இது பரவியதால்தான் 1975-இல் நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும், முத்தம் கொடுக்கக்கூடாது. ஆமைக் குளியலுக்குத் தனிப் பாத்திரம், அந்தத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டுக்கு வந்தால் ஆமையைத் தூக்கவிடாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இது சல்காட்டாதானா என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஓட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் மஞ்சள் கோடுகள் நடுவிலிருந்து நட்சத்திரம் போல் விரிந்தால் அது நம் ஊர் நட்சத்திர ஆமை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம், 2022 திருத்தத்தில் அது மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணைக்கே போய்விட்டது. அப்படி இருந்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் வனத்துறையிடம் சொல்லி ஒப்படையுங்கள். கட்டங்கள் வெளிர் மஞ்சளாக, ஓரம் மட்டும் பழுப்பாக, முன்னங்காலில் கூரான பெரிய செதில்களோடு இருந்தால் சல்காட்டா. அதையும் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யவேண்டும் என்று 2024-இல் விதி வந்திருக்கிறது. ரசீது இருந்தால் எடுத்து வையுங்கள். வளர்ந்தால் நாற்பது, ஐம்பது கிலோ வரும், உங்கள் மகனுக்குப் பேரன் பிறக்கும்போதும் உயிரோடு இருக்கலாம். இதைக் குட்டி பிழைத்தபின் நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

பிழைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கப் பயந்திருப்பீர்கள். மூச்சுத் தொற்று மேல்மட்டத்திலேயே இருந்தால் நல்ல வாய்ப்பு உண்டு. நுரையீரலுக்கு இறங்கியிருந்தால் கடினம். ஓடு இறுக மாதங்கள் ஆகும், முன்பு கோணியது முழுதாக நேராகாது, ஆனால் அதோடு நன்றாக வாழும் ஆமைகள் நிறைய. ஒரு கண் திறப்பது, விளக்கை நோக்கித் தானாக நடப்பது, இலையை மோந்து பார்ப்பது, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று முதல் வாரத்தில் தெரிந்தால் எனக்கு நம்பிக்கை வரும்.

மகனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். இப்போது தினமும், தேறியபின் ஞாயிறுதோறும், குளிப்பாட்டுவதற்கு முன், அதே தராசில் எடை போட்டு அவன் கையால் எழுதட்டும். பக்கத்தில் என்ன தின்றது, எப்படிக் கழிந்தது என்று ஒரு வரி. முதல் பக்கத்தில் 104, 92 இரண்டையும் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். முதல் சில நாட்களில் எடை மூன்று நான்கு கிராம் ஏறினால் அது உடம்பில் ஏறிய தண்ணீர்தான், சதை இல்லை. அதைப் பார்த்து விளக்கை அணைத்துவிடாதீர்கள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என்ன எண் வருகிறது என்பதை எனக்கு எழுதுங்கள்.